மச்சாளின் காதெண்ணெய்

என் இடது காதைக் கெடுத்தவர் என் மச்சாள், அண்ணையின் மனைவி. இதை எழுதப் பயமில்லை என்று சொன்னால் பொய். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வருகிற ஆள் நான். ஆனாலும் இதை எழுதாமல் விட்டால் என்னைப் பற்றி அவர் சொன்ன கதைதான் நிற்கும். அவரை ‘அவர்’ என்று எழுதுவது பழக்கதோஷம். மரியாதை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு கட்டுகிற ஒரு பெரிய கிச்சனில் எனக்கு வேலை. குளிர் அறைக்கும் சூட்டு அறைக்கும் இடையே நாள் முழுக்கப் போய் வர வேண்டும். அந்தக் குளிர்காலம் சளியும் தடிமனும் பிடித்து, அது இறங்கி இடது காதில் குத்தத் தொடங்கியது. பெமிலி டொக்டரிடம் இடம் கிடைக்க அடுத்த கிழமை ஆகும் என்றார்கள். வோக்-இன் கிளினிக்குக்குப் போகலாம் என்று மகள் சொன்னாள். அங்கே கண்ட கண்ட வருத்தக்காரரோடு இருந்தால் இன்னும் என்ன தொற்றுமோ என்று பயந்து நான் போகவில்லை. பிறம்ரனில் இருக்கும் அண்ணை வீட்டுக்குத்தான் போனேன், ஏனென்றால் எங்கள் சொந்தத்தில் யாருக்குக் காது நொந்தாலும் அங்கேதான் போவது.

மச்சாள் ஊரில் ஏ.எல். வரை உயிரியல் படித்தவர். எனக்கு எட்டாம் வகுப்போடு முடிந்தது. யுத்தத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அகதிகளை இருத்தினார்கள். பிறகு நாங்களே அகதிகளாகப் போய் இன்னொரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் என்றால் எனக்குப் பாய் விரித்துப் படுத்த இடம்தான். இதை மச்சாள் ஒருநாளும் மறந்ததில்லை, மறக்க விட்டதும் இல்லை. “உனக்கு உது விளங்காது” என்பது அவர் என்னோடு பேசும் பேச்சில் உப்பு மாதிரி.

அவர் வீட்டின் பின்பக்கக் கண்ணாடி அறையில், வெளியே பனி கொட்டினாலும், ஊதா நிற விளக்கின் கீழே கற்பூரவள்ளியும் துளசியும் ஒரு வேப்பங்கன்றும் தொட்டியில் நிற்கும். நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவிட்டு, இலைச்சாற்றைப் பிழிந்து விட்டு, உள்ளிப்பூண்டு தட்டிப் போட்டு, ஒரு மண்ணிறப் போத்தலில் வைத்திருப்பார். அந்தப் போத்தல் ஒருநாளும் வெறுமையாகாது. பாதிக்குக் கீழே போனதும் புது எண்ணெயைப் பழையதன் மேலேயே விடுவார். தயிருக்கு உறை விடுகிற மாதிரி, பழையதின் வீரியம் புதியதில் இறங்கும் என்பார். யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. அதுதான் பெரிய தொல்லை. சும்மா செய்கிற உதவியில் யார் பிழை பிடிப்பது?

“சரிஞ்சு படு. ஆடாதை” என்றார். சோபாவில் படுத்தேன்.

“மச்சாள், உள்ளுக்க ஏதும் செய்யாதோ?”

“ஊரிலயும் இஞ்சயும் எத்தினை பேற்ற காதைப் பாத்தனான். நீ எனக்குச் சொல்லித் தாறியோ?”

துளிக்குழாயின் நுனி என் காதுக்குள் முட்டியது. இளஞ்சூடாக ஏதோ இறங்கியது. முதலில் சுகமாகத்தான் இருந்தது. அதை ஒளிக்கவில்லை.

அதன் பிறகு காது சீழாக ஓடத் தொடங்கியது. தலையணை உறையில் பச்சையும் மஞ்சளுமாகக் கறை, அழுகிய திராட்சைப்பழம் மாதிரி ஒரு இனிப்பு மணம். காய்ச்சல் ஏறியது. மகள் அழாத குறையாக என்னை எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனாள். காதுச் சவ்வில் ஓட்டை, தொற்று உள்ளே எலும்புவரை போயிருக்கிறது என்றார் டொக்டர். மருந்து ஏற்றி, பிறகு ஒப்பரேசன் செய்து, உயிருக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். ஆனால் இடது பக்கம் போய்விட்டது. இப்போதும் கிச்சனில் இடப்பக்கத்தால் வண்டில் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் கத்துவது எனக்குக் கேட்பதில்லை. வண்டில் இடித்த பிறகுதான் தெரியும். அதனால் சுவரோடு சுவராக, இடது தோளை உரசிக்கொண்டே நடக்கப் பழகிவிட்டேன்.

காது போனதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சொந்தக்காரருக்கு, என் கட்டிலின் கால்மாட்டில் நின்று, மச்சாள் சொன்னார்: “உவள் கொண்டை ஊசியால காது குடையிறவள். நான் எத்தினை தரம் சொன்னனான். கேட்டால்தானே.”

நான் காதுக்குள் பஞ்சுகூட வைக்கப் பயப்படுகிறவள். கொண்டை ஊசியை என் வாழ்க்கையில் கொண்டைக்குத் தவிர வேறெதற்கும் எடுத்ததில்லை. ஆனால் எட்டாம் வகுப்போடு நின்றவள் கொண்டை ஊசியால் காது குடைந்தாள் என்றால் யார் நம்ப மாட்டார்கள்? எல்லோரும் நம்பினார்கள். அடுத்து, வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டில் பெண்கள் பிள்ளைக்குத் தலை கட்டிக்கொண்டிருந்தபோது ஒருத்தி சொன்னாள்: “ஊசிப் பெட்டியை அவவுக்குக் கிட்ட வையாதேங்கோ, மற்றக் காதும் போயிடும்.” அறை முழுக்கச் சிரிப்பு. என் நல்ல காது அந்தச் சிரிப்பைச் சொட்டும் விடாமல் பிடித்தது.

அன்றைக்கு முடிவு செய்தேன். இதே ஆட்கள் முன்னால், இந்தக் காதைக் கெடுத்தது ஊசி இல்லை, எண்ணெய் என்று வெளியே வர வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். காது திரும்ப வராது என்று எனக்குத் தெரியும்.

வழி வந்தது என் மகளால். அவள் யுனிவர்சிற்றியில் நுண்ணுயிரியல் படிக்கிறாள். கடைசி வருடத்தில் ஒரு புரொஜெக்ற் செய்ய வேண்டும். காது நோய்க்குக் காரணமான பக்டீரியாக்களை மருந்துச் செடிகள் கொல்லுமா என்று பார்க்கப் போவதாக ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். எனக்குக் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

“ஆர் உனக்கு இதைச் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லை. உங்கட காதுதான்.”

ஜெலி மாதிரி ஒன்று ஊற்றிய வட்டத் தட்டில் கிருமியைப் பூசுவார்களாம். செடிச் சாற்றில் நனைத்த சின்னக் கடதாசி வட்டங்களை அதன் மேல் வைத்து, சூட்டுப் பெட்டியில் ஓர் இரவு விடுவார்களாம். சாறு வேலை செய்தால் கடதாசியைச் சுற்றிக் கிருமி வளராது, ஒரு தெளிந்த வளையம் விழும். வேலை செய்யாவிட்டால் வளையம் இல்லை.

உடனே எனக்கு இரண்டு எண்ணம். ஒன்று, கிருமியைக் கையால் தொட்டுவிட்டு இவள் நேரே வீட்டுக்குத்தானே வருவாள் என்ற பயம். மற்றது மச்சாளின் எண்ணெய்.

“யுனிவர்சிற்றி லாபால வந்தால் கதவடியிலயே உடுப்பு மாத்திப்போட்டுத்தான் உள்ளுக்க வரவேணும்.”

“அம்மா, ஹோல்வேயில நிண்டு உடுப்பு மாத்தினா பக்கத்து அபார்ட்மென்ற்காரர் பொலிசைத்தான் கூப்பிடுவினம். கோட், கிளவுஸ் எல்லாம் போடுறனான். சில்.”

“சரி, அதை விடு. மாமியின்ர எண்ணெயையும் அதில வை.”

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அது தோக்க வேணுமெண்டு நினைச்சுக்கொண்டு ரெஸ்ற் செய்யேலாது அம்மா. தட் இஸ் நொற் ஃபெயர்.”

“நீ நினையாதை. நான் நினைக்கிறன். அது என்ர பாடு.”

பேராசிரியரிடம் கேட்டாளாம். வைக்கலாம், ஆனால் தட்டில் எது எந்தச் சாறு என்று வளையத்தை அளக்கிறவருக்குத் தெரியக்கூடாது, எண்ணெய் வீட்டுப் பாத்திரத்தில் வரவும் கூடாது என்றாராம். கிருமி நீக்கிய ஒரு சின்னக் குழாயை மகள் கொண்டுவந்து தந்தாள். அதைத் திறக்கக் கூடாது, உள்ளே விரல் படக் கூடாது, இருமக் கூடாது. நான் அதைக் கைப்பையில் வைத்து, கைப்பையை மடியில் வைத்து, நாங்கள் இருக்கும் ரெக்ஸ்டேலிலிருந்து பிறம்ரன்வரை பஸ்ஸில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன்.

மச்சாளிடம் வலது காதும் குத்துகிறது என்றேன். அவருடைய முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“இப்ப வந்திட்டாய்தானே. டொக்டர்மாரிட்டப் போய் ஒரு காதைக் குடுத்திட்டு வந்தாய். படு.”

“இல்லை மச்சாள், வேலைக்கு நேரமாகுது. இதுக்குள்ள கொஞ்சம் விட்டுத் தாங்கோ. இரவு மகள் விட்டுவிடுவாள்.”

“இதென்ன குழாய்? சின்னப்பிள்ளையள் விளையாடுறதோ?” என்று சிரித்துக்கொண்டே, துளிக்குழாயால் எடுத்து அதற்குள் விட்டார். அந்தத் துளிக்குழாயை அப்போதுதான் நான் உட்கார்ந்து நேராகப் பார்த்தேன். நுனியில் காய்ந்த தேன் மாதிரி ஒரு படை. எண்ணெயை விட்டு முடிந்ததும் அதைப் போத்தலுக்குள்ளேயே திரும்ப வைத்து மூடினார். ஆனாலும் “பெரிய உதவி மச்சாள்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த சில நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எண்ணெய் வேலை செய்து, பெரிய வளையமாக விழுந்துவிட்டால்? மச்சாள் சரி, நான்தான் காதைக் கெடுத்தவள் என்று என் சொந்தப் பிள்ளையே படம் பிடித்துக் காட்டிவிட்டால்? ஊசி எடுத்துக் குடைந்தேனோ, நித்திரையில் குடைந்தேனோ என்று எனக்கே சந்தேகம் வரத் தொடங்கியது.

முடிவோடு மகள் வந்த அன்று நான் கதவடியில் நின்றேன்.

“என்ன மாதிரி?”

“உள்ளி பெரிய வளையம். கற்பூரவள்ளிக்கும் ஒரு சின்ன வளையம் இருக்கு. துளசி, வேம்பு பெருசா ஒண்டும் இல்லை.”

“அப்ப மச்சாள் சரியெண்டோ சொல்லுறாய்?”

“சொல்லி முடிக்க விடுங்கோ. அது நான் இலையில இருந்து எடுத்த சாறு. மாமியின்ர எண்ணெய்க்கு வளையமே இல்லை. அதோட...” அவள் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றாள். “கிருமி பூசாத வெறுந்தட்டிலயும் அந்த எண்ணெயில ஒரு சொட்டு விட்டனான். செக் பண்ண. அதில ஒண்டும் வளரக்கூடாது. வளந்திருக்கு.”

“என்ன வளந்திருக்கு?”

“பச்சையா. ஓடுற காதில இருக்கிற வகைதான் எண்டு புரொஃபெசர் சொல்லுறார். தட்டைத் திறந்தா கிரேப்ஸ் மாதிரி ஒரு மணம்.”

அந்த மணத்தை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் அதன் மேல் தலை வைத்துப் படுத்தவள்.

ஓடுகிற காதில் முட்டிய துளிக்குழாய் போத்தலுக்குத் திரும்பிப் போகிறது. எண்ணெய்க்கு அடியில் இலைச்சாறு தண்ணீராக நிற்கிறது. கிருமி அதில் குடியிருக்கிறது. மேலே புது எண்ணெய் விழுகிறது. போத்தல் கழுவப்படுவதே இல்லை. எங்கள் முழுச் சொந்தத்தின் காதும் அந்த ஒரு போத்தலுக்குள் இருந்தது. பழையதின் வீரியம் புதியதில் இறங்கும் என்று மச்சாள் சொன்னது உண்மைதான்.

“செடியில பிழை இல்லை அம்மா” என்றாள் மகள். “அதுக்காக உள்ளியைத் தட்டிக் காதுக்குள்ள விட்டுடாதேங்கோ. தட்டு வேற, காது வேற.”

“செடியை நான் என்ன செய்ய? எனக்கு ஆளில பிழை வேணும்.”

படத்தை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட விரல் துடித்தது. போடவில்லை. அதில் போட்டால் பாதிப் பேர் பார்க்காமல் மேலே தள்ளிவிட்டுக் காலை வணக்கப் பூ அனுப்புவார்கள். முகத்துக்கு முன்னால் வேண்டும். அண்ணையின் அறுபதாவது பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது.

பிறம்ரன் வீட்டு பேஸ்மென்றில் சொந்தம் முழுக்க நின்றது. பலூன், கட்லெற், ரோல்ஸ், கரோக்கிப் பெட்டி. கேக் வெட்டி முடிந்தது. பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். தொடங்கி வைத்தது மச்சாள்தான். கேக் தட்டை என் கையில் தந்துகொண்டே எல்லோருக்கும் கேட்க: “இவவும் போன மாசம் எண்ணெய்க்கு என்னட்டத்தான் வந்தவ. ஊசியால குடைஞ்ச காதுக்கும் கடைசியில நான்தானே வேணும்.”

சிரித்தார்கள். எனக்குப் பயம் அப்படியே வற்றிப் போனது.

“ஓம் மச்சாள், வந்தனான். அந்த எண்ணெயை இவளின்ர லாபில குடுத்துப் பாத்தது. இந்தாங்கோ, படம்.” போனைப் பக்கத்தில் நின்ற ஒரு அங்கிளிடம் கொடுத்தேன். “உங்கட எண்ணெயில ஒரு சொட்டு விட்ட தட்டு அது. பச்சையா நிக்கிறது கிருமி.”

அங்கிள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “இதென்ன, கீரைக்கறி மாதிரிக் கிடக்கு.”

“ஓடுற காதில இருக்கிற கிருமி, அங்கிள்” என்றாள் மகள். “மாமி, உங்கட இலையில பிழை இல்லை. டிரொப்பரும் போத்தலும்தான் பிரச்சினை. நாங்கள் கழுவி, புதுசா...”

போன் கை மாறி மாறிப் போனது. ஒவ்வொருவராகத் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் ஒவ்வொரு கையாகப் பார்த்து ரசித்தேன். மகள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் மச்சாள் கொஞ்சம்கூட ஆடவில்லை.

“அப்ப ஓடுற காதுக் கிருமி எண்டுறியள். இஞ்ச ஆற்ற காது ஓடினது?” சுற்றிப் பார்த்துவிட்டு என்னில் வந்து நின்றார். “உன்ர காதுதானே ஓடினது? அப்ப என்ர போத்தலைக் கெடுத்தது ஆர்? உதவிக்கு வந்து ஊத்தையை விட்டிட்டுப் போய், படமும் பிடிச்சுக்கொண்டு வாறாய்.”

எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. காதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒருத்தி என்னிடமிருந்து அரை அடி தள்ளி நின்றாள். என் காது ஓடியது எண்ணெய் விட்ட பிறகு என்று சொல்ல வாயைத் திறந்தேன். எப்போதும் இதுதான். எனக்குத் தேவையான சொல் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் வரும்.

“முதல் ஓடினது என்ர காது.”

அண்ணை. கழுத்தில் பிறந்தநாள் மாலையோடு, கதிரையில் உட்கார்ந்தபடியே. அண்ணை லொறி ஓட்டுகிறவர், பேச்சுக் குறைவு. கேட்டதற்கெல்லாம் “ஓம், ஓம்” என்று தலையாட்டுகிற மனிதர்.

“இஞ்சாருங்கோ, பேசாமல் இருங்கோ” என்றார் மச்சாள்.

“இல்லை. இவள் வாறதுக்கு எத்தினையோ நாளைக்கு முதலே எனக்கு ஓடத் தொடங்கீட்டுது. நீர்தானே ஒவ்வொரு கிழமையும் விட்டனீர். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, லைசன்ஸ் மெடிக்கலில பிடிச்சுப் போடுவாங்கள் எண்டு சொன்னதும் நீர்தான்.” கழுத்து மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். “எனக்கு இப்ப ரெண்டு பக்கமும் அவ்வளவாக் கேக்கிறேல்லை. நீர் சொல்லுறதில பாதிக்கு நான் சும்மாதான் தலையாட்டுறனான்.”

அண்ணை பாவம்தான். ஆனால் என் கண் மச்சாளில்தான் இருந்தது. என்னைச் சோபாவில் படுக்க வைத்து ஆடாதை என்று சொன்னபோதே, அந்தத் துளிக்குழாய் அதற்கு முன் எந்தக் காதில் முட்டியது என்று அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்று ஊசி என்று சொன்னபோதும் தெரியும்.

மச்சாளின் கண் கலங்கியது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். “அப்ப நான்தான் உங்கள் எல்லாருக்கும் நஞ்சு விட்டனான். அப்பிடித்தானே? சொல்லுங்கோவன்.”

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவர் இப்படிச் சொன்னால், சொல்லி முடியமுன் யாராவது “சீச்சீ, என்ன கதை கதைக்கிறியள், அப்பிடி ஆர் சொன்னது” என்று கையைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் எல்லாம் முடிந்தது. பிறகு தேத்தண்ணி வரும், அடுத்த முறை போத்தலும் வரும். அதைச் சொல்ல வேண்டியது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பாதிக்கப்பட்டவள் நான். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மச்சாளும் பார்த்தார்.

“ஓம்” என்றேன்.

மகள் “அம்மா!” என்றாள். நான் கேக் தட்டைக் கையில் எடுத்து, ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தேன். நல்ல கேக், பட்டர் தாராளமாகப் போட்டது.

மச்சாள் மாடிப்படி ஏறிப் போனார். அவருக்குப் பின்னால் ஒருவரும் போகவில்லை. மகள் அண்ணைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அடுத்த நாள் எந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போவது என்று அவருடைய காதுக்குக் கிட்டவாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊசிப் பெட்டிக் கதை சொன்னவள் என்னிடம் வந்து, “உண்மையாவே அக்கா, எங்களுக்குத் தெரியாது” என்றாள். அவளுக்கும் நான் ஆறுதல் சொல்லவில்லை.

மேலே சமையலறையில் குழாய்த் தண்ணீர் நெடுநேரம் ஓடியது. கண்ணாடியில் பிரஷ் உரசுகிற சத்தம் என் வலது காதுக்குத் தெளிவாகக் கேட்டது. மச்சாள் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தார். போய் ஒரு வார்த்தை கதையுங்கோ என்று அங்கிள் எனக்குக் கண் காட்டினார். கழுவட்டும் என்று நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.